பழைய தகரத்துக்குப் புதுத் தகரம்

போன வாரம் என் மகன் பூச்செடி வைப்பதற்கென்று ஒரு தகரம் கொண்டுவந்தான். சமையல் எண்ணெய் வந்த சதுரத் தகரம். தங்கா பத்து என்கிற ஊரில் ஒரு கடையில் சும்மா கொடுத்தார்களாம். வாசல் வெயிலில் பளபளவென்று நின்றது. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை இழுத்துக்கொண்டுபோய்ச் சாலையோரக் குப்பையில் தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மருமகள் பார்த்துவிட்டாள். "என்னம்மா இது, நல்ல தகரம்லா!" என்று மகன் ஈரத்தலையோடு குதித்தான். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். பேசிக்கொள்ளட்டும். அவர்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நான் பூண்டு ரசம் தொடாததற்கும் இதுதான் காரணம். அதையும் அவர்கள் கிறுக்குக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள்.

மலாக்காச் சீமையில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்த நாளில், லயம் என்கிற கூலி வரிசைவீடுகளில் இருந்தவர்களுக்குச் சொத்து என்றால் தகரம்தான். தண்ணீர் தூக்கத் தகரம், அரிசி போட்டுவைக்கத் தகரம். வெட்டி விரித்துத் தட்டினால் கூரை ஓட்டைக்கு ஒட்டு, கவிழ்த்துப் போட்டால் விருந்தாளிக்கு ஆசனம். ஒரு கல்யாணத்தில் மேளக்காரர் வராமல்போக, எங்கள் வீட்டுத் தகரத்தைத் தட்டித்தான் தாலி ஏறியது. மாப்பிள்ளை கடைசிவரை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு என்றால் மூன்று பேர். அக்கா செல்லாயி, அவள் புருஷன், நான். அவரை நான் மாமா என்பேன். அம்மாவும் அப்பாவும் கப்பலில் வந்து சில வருஷத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டதால், ஆறு வயதிலிருந்து என்னை வளர்த்தவள் அக்காதான். எனக்குத் தலை வாரி முடித்ததும் உச்சியில் நங்கென்று ஒரு கொட்டு வைப்பாள். எதற்கு என்று கேட்டால், "நாளைக்குப் பண்ணப்போற சேட்டைக்கு" என்பாள். பதினெட்டு வயதில் நான் அவளைவிட ஒரு சாண் வளர்ந்த பிறகும் எம்பிக் கொட்டினாள்.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். ஆள் வைத்துப் புல் வெட்டிக் கட்டுப்படியாகாது என்று பெரிய துரை ஒரு மருந்தை இறக்கினார். லாலான் புல்லைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பு உயரம் நிற்கும், கையை அறுக்கும், வெட்ட வெட்ட முளைக்கும் சனியன் அது. இந்த மருந்து பட்டால் சில நாளில் வைக்கோலாகச் சாய்ந்துவிடும். எத்தனை வருஷம் எங்கள் விரலை அறுத்த புல்! அது செத்துக் கிடந்ததைப் பார்த்து நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம், வாய் நிறைய துரையை வாழ்த்தினோம்.

மருந்து கெட்டியாகத் தகரத்தில் வரும். அதைத் தொட்டித் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, பூவாளியில் மொண்டு புல்மேல் தெளிக்க வேண்டும். கலக்குவதற்குக் குச்சி ஒன்று உண்டு. அவசரத்தில் கைதான் குச்சி. காலில் ஒன்றும் கிடையாது. காற்று எதிரே அடித்தால் முகத்திலேயே தூறும். நான் தெளிக்கிற ஆள், அக்கா கலக்குகிற ஆள். இடுப்பு வலிக்காரி, பூவாளி தூக்கமாட்டாள் என்று கங்காணியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளுக்குத் தொட்டி வேலையை வாங்கிக் கொடுத்தவளே நான்தான். அந்த வாயை என்ன செய்வது?

காலித் தகரங்களைத் தோட்டத்துக் கிராணி எங்களுக்கே கொடுத்துவிட்டார். கிராணி என்றால் ஆபீசுக் கணக்கப்பிள்ளை. தீபாவளிக்கு முந்தின வாரம் வரிசையில் நிற்கவைத்து, மகா தர்மப்பிரபு மாதிரி ஆளுக்கு ஒன்று நீட்டினார். நாங்களும் கும்பிட்டு வாங்கி, ஆற்று மணல் போட்டுத் தேய்த்து, குடிக்கிற தண்ணீரை அதில் பிடித்துவைத்தோம்.

ஒவ்வொரு தகரத்தின்மேலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒரு மண்டையோட்டுப் படம், கீழே பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து. மற்ற வீடுகளில் சுரண்டி எறிந்துவிட்டார்கள். அக்கா உள்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டுத் தாளை விட்டுவைத்தாள். "காளியாத்தா கழுத்துல கெடக்குற தலைடி. வீட்டுக்குக் காவலா இருக்கட்டும்" என்று அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். சிரிக்காதீர்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த நானும் வெள்ளிக்கிழமைகளில் அதற்குப் பூ வைத்திருக்கிறேன். லயத்தில் மூன்றாம் வகுப்பு என்பது பெரிய படிப்பு.

முதலில் அக்காவுக்கு உள்ளங்கை தடித்துச் சொரசொரத்தது. பிறகு வயிற்றுப்போக்கு, வாந்தி. கழுத்திலும் முதுகிலும் மழைத்துளி விழுந்த மண்மாதிரி கறுப்புப் புள்ளிகள். அப்புறம் கால். "தரையே தெரியலடி. பஞ்சுமேல நடக்குற மாதிரி இருக்கு" என்றாள். ஒருநாள் அடுப்பிலிருந்து விழுந்த கங்கின்மேல் காலை வைத்து நின்றுகொண்டே என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்கு அப்போதும் தெரியவில்லை. இன்னொரு வாடையும் அவளிடம் இருந்தது. வீட்டில் பூண்டு வாங்கியே பல நாளாகியிருந்தது. ஆனால் அவள் வாயைத் திறந்தால் குப்பென்று பூண்டு வாடை. பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அந்த வாடை இன்றுவரை மூக்கைவிட்டுப் போகவில்லை.

நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது. அவளுக்குப் பத்து விரலிலும், எனக்குக் கட்டைவிரலில் மட்டும் ஒன்று. நகத்தில் வெள்ளை விழுந்தால் கொக்கு பூப் போட்டிருக்கிறது, புதுத்துணி வரும் என்று சின்னப்பிள்ளைகள் சொல்வார்கள் அல்லவா? "பாருடி, பத்து வெரல்லயும் பூ! புதுச்சேலை வரப்போவுது எனக்கு" என்று படுத்தபடியே கையை விரித்துக் காட்டினாள். எனக்கு ஒரே ஒரு பூதானா என்று நான் முகத்தைச் சுளித்தேன். பொறாமைப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அவள் கையைப் பிடித்து, அந்த நகங்களை வெகுநேரம் பார்த்தார். "கள்ளுதான் காரணம்" என்று புத்தகத்தில் எழுதினார். பாவி மனுஷா! கள்ளு வாடைக்கே சேலைத் தலைப்பால் மூக்கை மூடுகிறவள் அவள். அடுத்த வாரம், வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. எழுந்து நிற்க முடியாதவளைக் கப்பலில் ஏற்றப்போகிறார்கள்.

மாமா அதிர்ந்து பேசாத மனிதர். அந்த ஞாயிற்றுக்கிழமை தகரத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதைத் தலையில் வைத்துக்கொண்டு செலண்டாருக்கு நடந்தார். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் தாளைப் படித்ததும் தகரத்தைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்தாராம். "இது நஞ்சு. வெறுங்கையிலே படக்கூடாது எண்டு போட்டிருக்கு. காலித் தகரத்தை மண்ணுக்குள்ள புதைக்க வேணும் எண்டும் போட்டிருக்கு" என்றாராம். மாமா திரும்பி வந்து தகரத்தை எதிரே வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதியே இருக்கு புள்ள. ஆபீசுல இருக்கிற அத்தன பேருக்கும் இங்கிலீசு படிக்கத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மலாக்காவுக்குப் போய், மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவரைப் பிடித்து, கூலிகளின் குறை கேட்கிற துரைக்கு மனுப் போட்டார். மருந்தால் வந்த நோய் என்று அந்தத் துரை ஒத்துக்கொண்டால் தோட்டம் அக்காவை மலாக்காப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பல். அக்காவின் உயிர் இதில்தான் நின்றது. துரை வந்து விசாரிப்பதாகப் பதில் வந்தது. இன்ன தேதிக்கு வருகிறேன் என்று தோட்டத்துக்கும் ஒரு கடிதம் போட்டுவிட்டுத்தான் வந்தார். மரியாதை தெரிந்தவர்கள் பாருங்கள்.

விசாரணை நாள் காலை மாமா பெரட்டுக்குக் கிளம்பினார். பெரட்டு என்றால் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற இடம். போகும்போது என்னிடம், "தகரம் பத்திரம். தாள் இருக்கிறது இது ஒண்ணுதான். தொரைகிட்ட காட்டணும்" என்றார். தலையை ஆட்டினேன். சொன்னது விளங்கவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். நன்றாகவே விளங்கியது.

அவர் போய்ச் சற்று நேரத்தில் லாரி வந்தது. லாரி நிறைய புதுத் தகரம். கிராணி இறங்கி, "பழசக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்குங்க" என்றார். லயமே திருவிழாவாகிவிட்டது. பெண்கள் முண்டியடித்துக்கொண்டு பழையதைத் தூக்கிவந்து கொடுத்தார்கள். நான் மட்டும் வாசலிலேயே நின்றேன். கிராணி எங்கள் வீட்டுக்கே வந்தார். உள்ளே பாயில் கிடந்த அக்காவைப் பார்த்தார். மூலையிலிருந்த குங்குமம் வைத்த தகரத்தையும் பார்த்தார். பையிலிருந்து இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளை எடுத்தார்.

"இதாம்மா கப்பல் லிஸ்டு. உங்கக்கா பேரு இங்க இருக்கு. அந்தத் தகரத்தக் குடு, இப்பவே உன் கண்ணு முன்னால அடிச்சிடுறேன்."

"நெஜமாவா ஐயா?"

"நான் என்னா வெளையாடவா வந்தேன்?"

பென்சிலை எடுத்து ஒரு வரிமேல் அழுத்தி ஒரு கோடு போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். என் மூன்றாம் வகுப்புத் தமிழுக்கு அந்த எழுத்து ஒன்றுகூடப் பிடிபடவில்லை. எந்தப் பெயரை அடித்தாரோ, எந்தப் பெயரையும் அடிக்கவில்லையோ, யார் கண்டார்? அக்கா கப்பல் ஏறவேண்டியதில்லை, இனி விசாரணையே எதற்கு என்று எனக்குத் தோன்றியது. தகரத்தை நானே தூக்கிக்கொண்டுபோய் லாரியில் வைத்தேன். புதுத் தகரத்தை வாங்கும்போது அதில் என் முகம் தெரிந்தது. இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? அதைப் பார்த்துச் சந்தோஷமும் பட்டேன்.

மத்தியானம் ஆபீசு முன்னால் மரத்தடியில் விசாரணை. வந்த துரை தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "அஞ்ச வேண்டாம், உண்மையை உரைப்பீராக" என்றதும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்த மருந்துத் தகரங்களை விதிப்படி புதைத்துவிடுகிறோம், கூலிகளுக்குக் கொடுப்பதில்லை என்று பெரிய துரை சொன்னார். மாமா எழுந்து, "எங்க வீட்டுல இருக்குங்க, வந்து பாருங்க" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு தெம்பு. எல்லாரும் எங்கள் வீட்டுக்கு நடந்தார்கள்.

மூலையில் புதுத் தகரம் மின்னிக்கொண்டு நின்றது. மாமா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நாந்தாங்க குடுத்தேன். கிராணி ஐயா வாங்கிட்டுப் போனாரு. அக்கா பேர அடிச்சாருங்க" என்று கத்தினேன். கிராணி இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். பெரிய துரை லேசாகச் சிரித்தார். "தகரத்தில் ஒட்டிய அந்தத் தாள் எங்கே?" என்று விசாரணைத் துரை என்னைக் கேட்டார். லாரி போன திசையைக் கையால் காட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டுப் புதுத் தகரங்களை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். துரை குனிந்து, "கள் அருந்துவதுண்டா?" என்று அக்காவைக் கேட்டார். "இல்ல சாமி" என்றாள் அவள். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, தேநீர் குடிக்கப் பங்களாவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை டிரஸ்ஸர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த நகத்துக் கோடு இருக்கே, அது இந்த நஞ்சாலதாம்மா வரும். நேத்து அந்தக் கைய நீட்டிக் காட்டியிருந்தா தொரையால தட்டியிருக்க முடியாது" என்றார்.

"நீங்களும் அங்கதானே நின்னீங்க?"

"எனக்கும் புள்ளக்குட்டி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை நான் சபித்த சாபத்தையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பத்து நாளில், கப்பலுக்குப் போகிறவர்களைத் தம்பின் ஊர் ரயிலடிக்குக் கொண்டுபோக லாரி வந்தது. அக்காவும் மாமாவும் பட்டியலில் இருந்தார்கள். நான் தெம்பாக வேலை செய்கிறவள், என்னை விடவில்லை. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அக்காவைத் தூக்கி லாரியில் உட்காரவைத்ததும் அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, தலையைக் குனியச் சொல்லி, மரத்துப்போன விரலை மடக்கி உச்சியில் ஒரு கொட்டு வைத்தாள். இலை விழுந்த மாதிரி இருந்தது.

"வலிச்சுதாடி?"

"வலிச்சுதுக்கா" என்றேன்.

பல வாரம் கழித்து மாமாவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தார். உன் அக்கா ஊர் வந்து சேரவில்லை, கடலில் விட்டுவிட்டோம் என்று இருந்தது. அதற்குப்பின் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. துண்டு துண்டாக விற்று, லயத்தை இடித்து, கல்வீடுகள் கட்டிவிட்டார்கள். ஆபீசு இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். குங்குமம் வைத்த அந்தத் தகரத்தை எந்தக் குழியில் தள்ளி மூடினார்களோ, அதன்மேல் எவர் வீட்டு அடுப்பங்கரை இருக்கிறதோ, தெரியாது. அக்காவுக்குச் சமாதியும் இல்லை.

டிரஸ்ஸர் சொன்ன பிறகு அந்தக் கட்டைவிரல் நகத்தை நான் துணி சுற்றிக் காப்பாற்றினேன். எந்தத் துரையாவது மறுபடி வந்தால் காட்டவேண்டும் என்று காத்திருந்தேன். வேலைக்குப் போகும்போதும் சுற்றிக்கொண்டு போனேன். ஒருவரும் வரவில்லை. நகம் என்ன செய்யும், வளர்ந்தது. கொக்கு போட்ட பூ மெல்ல மெல்ல மேலேறி நுனிக்கு வந்துவிட்டது. ஒருநாள் புல் பிடுங்கும்போது நகம் ஒடிந்து மண்ணில் விழுந்தது. அந்தி சாயும்வரை மண்டிபோட்டு, கையால் துழாவித் தேடினேன். கிடைக்கவில்லை.