துவக்குக்கு இட்ட பொட்டு

பலெர்மோவின் வியா மக்வேதாவை அடுத்த தெருவொன்றில், ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரின் வீட்டில் நானும் மனைவியும் வேலை செய்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நவராத்திரி நிறைவில் தொழிற் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது எங்கள் வழக்கம். மனைவி அவ்வீட்டு இஸ்திரிப்பெட்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் பொட்டிட்டதை வீட்டு எசமானி சிஞ்ஞோரா ரசித்து நின்றார். பின்னர் அலுமாரியைத் திறந்து, கணவரின் வேட்டைத் துவக்கையும் எடுத்து வைத்தார்.

"இதுக்கும் வை பிள்ளை. அருள் கூடத் தேவைப்படுறது இதுக்குத்தான்."

அவர்கள் பேசியது இத்தாலியம். என் நினைவில் அது எங்கள் தமிழாகவே ஒலிக்கிறது.

அந்த ஞாயிறு, பன்றி வேட்டைக்கு முன் குறி சரிபார்க்க மலைப்பக்கம் சென்ற அவர் கணவர் சிஞ்ஞோரே என்னையும் அழைத்துப் போனார். இலக்குத் தாளைத் தொலைவில் ஒட்டுவதும், சுட்டபின் போய்த் துளைகளைப் பார்த்துச் சொல்வதும், ஊன் தொடாத எனக்கு வாய்த்த ஊழியம். சிஞ்ஞோராவின் தம்பியும் வந்திருந்தார். அவருக்கு அத்துவக்கின்மேல் நெடுநாள் ஆசை.

"அத்தான், உங்கடை கண் போயிட்டுது. இண்டைக்கு மூண்டு குண்டும் கிட்டக் கிட்ட விழாட்டி, துவக்கு எனக்கு."

"ஓம், பாப்பம்" என்றார் சிஞ்ஞோரே.

முதற் குண்டு தாளின் இடது ஓரத்தைக் கிழித்தது. துவக்கின்மேல் பூட்டியிருந்த தொலைநோக்கியின், குறி திருத்தும் திருகைத் திருகினார். அடுத்தது வலப்புறம் கீழே போயிற்று. மறுபடியும் திருகினார். மூன்றாவது தாளையே தொடவில்லை.

"மலையிலை பட்டிருக்கு அத்தான். மலை தப்பேல்லை."

சிஞ்ஞோரே என்னை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் பனிப்புகார் மூடின மாதிரிக் கிடக்கு. அவனுக்குச் சொல்லிப்போடாதை."

எம்பெருமான் வேடனாகிப் பன்றியைத் துரத்தியதும் உண்டு. தாய்ப்பன்றியாகிக் குட்டிகளுக்குப் பாலூட்டியதும் உண்டு. அன்று எவர் பக்கம் நிற்பாரென்று எனக்கு விளங்கவில்லை. துவக்கு எவர் கைக்குப் போனாலும் பன்றிக்கு ஒன்றுதான். ஆயினும் கண் போய்விட்டதென்று அஞ்சும் மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

புதுத் தாள் ஒட்டித் திரும்பினேன். குண்டு நீக்கிய துவக்கு மேசைமேல் கிடந்தது. தொலைநோக்கியின் முன்கண்ணாடி நடுவே, காய்ந்த சந்தனமும் அதன்மேற் குங்குமமுமாக, நெற்றிக்கண்ணொன்று என்னை நோக்கியது.

கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக் கொடுத்தேன். சிஞ்ஞோரே நெடுநேரம் அதனூடே பார்த்தார்.

"இலை இலையாத் தெரியுது" என்றார் மெல்ல.

இம்முறை திருகைத் தொடாமல் மூன்று முறை சுட்டார். துளைகள் நடுவிலிருந்து விலகியிருந்தாலும், மூன்றையும் ஒரு பொட்டால் மறைத்துவிடலாம். அதற்குப் பிறகே திருகை ஒருமுறை திருப்பினார். அடுத்த குண்டு நடுவைத் துளைத்தது. மைத்துனர் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். துவக்கைப் பற்றிய பேச்சே எழவில்லை.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன்.

"நெத்தி எண்டு நினைச்சன். முன்னுக்கு வட்டமா வேறை என்ன கிடந்தது? அது கண் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

மறு ஆண்டு சிஞ்ஞோரே தாமே துவக்கை எடுத்து வந்தார். முன்கண்ணாடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பின்புற மரக்கட்டையைக் காட்டினார்.

"இஞ்சை வை பிள்ளை."

பிறகு மைத்துனருடைய துவக்கையும் மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு, போன வருசம் என்ரைக்கு வைச்ச இடத்திலேயே வை."