நண்டுக்காரிக்கு வந்த கணக்கு வகுப்பு

இண்டைக்குக் காலமை நண்டு நிறுத்துப் பையில போட்டுக்கொண்டு நிக்கிறன், போன் அடிச்சுது.

"தங்கச்சி, வாழைச்சேனையில இருந்து கதைக்கிறன். மகள் பத்தாம் ஆண்டு. உங்கட கணக்கு வகுப்பில சேர்க்கலாமா?"

"அண்ணன், நான் நண்டு விக்கிறன்."

மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

அவருக்குக் கண் தெரியாதாம். பேஸ்புக்கில வாறதைப் போன்தான் வாசிச்சுச் சொல்லுமாம்.

நேற்றுத்தான் வடிவா இருக்கட்டும் எண்டு என்ட விளம்பரம் முழுக்க 𝓒 மாதிரி வளைஞ்ச இங்கிலீஷ் எழுத்தில போட்டிருந்தன். அது கணக்குப் பாடத்துக்கெண்டு உண்டாக்கின எழுத்தாம்.

"ஒவ்வொரு எழுத்துக்கும் 'மேதமெட்டிக்கல், மேதமெட்டிக்கல்' எண்டு போன் கத்துது. கடைசியில ஒரு போன் நம்பர். நான் வேற என்னத்த நினைக்க?"

உடனே அதை அழிச்சிட்டு, "பனிச்சங்கேணி நண்டு, உயிரோட இருக்கு" எண்டு சும்மா தமிழில எழுதினன். போன் வாசிக்கக் கேட்டிட்டு, அப்பவே ரெண்டு கிலோ சொல்லிட்டார்.

மகளுக்குத்தான் இன்னும் வகுப்புக் கிடைக்கல்ல. அந்தப் பக்கம் நல்ல கணக்கு ரீச்சர் ஆராவது இருந்தா கீழ சொல்லுங்க.

நண்டுக்கு எத்தினை கால் எண்டதுக்கு மேல எனக்குக் கணக்கு வராது.