அம்மா பண்றது மாதிரி இல்லை

போன சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து தனியாக வரவில்லை. கூடவே அவருடைய மேனேஜர்!

முன்கூட்டி ஒரு தகவல் கிடையாது. "பஸ் ஸ்டாப்புல பார்த்தேன். சாப்பிட வாங்கன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். வந்துட்டார்" என்று என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு வந்து முணுமுணுத்தார்.

வீட்டில் என்ன இருக்கிறது? அரிசி டப்பாவில் அடி தெரிகிறது. அரிசிக்கு ஊர் பூராவும் க்யூவில் நிற்கிற காலம் இது. இவருக்கு வேறு சர்க்கரை வியாதி லேசாக எட்டிப் பார்க்கிறது. அதனால் ராத்திரியில் எங்கள் வீட்டில் சோறே கிடையாது, கேழ்வரகு இடியாப்பம்தான். அன்றைக்குக் காலையில் மார்க்கெட்டில் நாகப்பட்டினத்து இறால் கிடைத்திருந்தது. அதில் வைத்த சாறு பாதி மிச்சம் இருந்தது. அது போதாதா?

இடியாப்பத்தைப் பிழிந்து ஆவியில் வைத்தேன். சாறு கொதிக்கும்போது வாழைத்தண்டை மெல்லிசாக நறுக்கிப் போட்டேன். பெரிய கிண்ணத்தில் இடியாப்பம், அதன் மேல் சாறு, அதற்கும் மேல் வெங்காயம், கொத்தமல்லி, பிழிய ஒரு மூடி எலுமிச்சம்பழம். அரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மேனேஜர் கிண்ணத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது கிண்ணம் காலியான பிறகுதான் நிமிர்ந்தார்.

"இது என்னம்மா, உங்க பக்கத்துச் சமையலா?"

"இல்லைங்க. பர்மா சமையல். மொய்ங்கான்னு பேரு."

"அட! நீங்க பர்மாவுல இருந்திருக்கீங்களா?"

நான் எங்கே பர்மாவைக் கண்டேன்? தெற்கே மணப்பாறையைத் தாண்டியதில்லை. அவரிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். உங்களிடம் மழுப்ப முடியுமா? வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் அடுப்படி வரைக்கும் வந்து போகிற வாசகர்களாயிற்றே!

எங்கள் வீடு எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறது. பின்பக்கம் ஓர் அறையும் சின்னச் சமையல்கட்டும் சும்மா கிடந்தன. போன வருஷம் அங்கே ஒரு ஜோடி குடிவந்தது. அவர் பெயர் கருப்பையா, மருங்காபுரிப் பக்கம். மீசை முளைக்கிற வயதில் பர்மாவுக்குப் போய் மர மில்லில் வேலை பார்த்தவர். அங்கே ஆட்சி மாறி நம் ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பல் ஏறியபோது அவரும் ஏறினார். இப்போது மதுரை ரோட்டில் ஒரு மர டிப்போவில் வேலை.

"இவ என் வீட்டுக்காரிங்க. பேரு பொன்னம்மா."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவள் மெதுவாக எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் வட்டமாகச் சந்தனம் போல எதையோ குழைத்துப் பூசியிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் பர்மாக்காரி.

"சொந்தப் பேரு மா ஷ்வேங்க. ஷ்வேன்னா தங்கம். எங்கம்மாவுக்கு வாயில நுழையல. அதனால பொன்னம்மா ஆக்கிட்டாங்க."

"எனக்கு நுழையுது. ஷ்வே... சரிதானேம்மா?" என்றேன்.

அவள் சிரித்தாள். "நல்லா இருக்கு" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். 'நல்லா இருக்கு', 'சரி', 'வேணாம்'. வீடு எப்படி என்றாலும் நல்லா இருக்கு. ஜுரம் எப்படி என்றாலும் நல்லா இருக்கு!

ஜுரம் வந்தது போனது. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. முதலில் மருங்காபுரியில் மாமியார் வீட்டில் இருந்திருக்கிறார்கள். மாமியார் பொல்லாதவர் இல்லை. அது மழையை நம்பிய பூமி, அங்கே விளைந்த வரகையும் கம்பையும் பாசமாகத்தான் ஆக்கிப் போட்டிருக்கிறார். ஆனால் ஆற்றோரத்தில் மீனும் அரிசியுமாக வளர்ந்தவளுக்கு அது தொண்டையைத் தாண்டவில்லை. அதற்காகத்தான் கருப்பையா டவுனுக்கே கூட்டி வந்திருந்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. கத்திரிக்காய் வத்தக்குழம்பு கொடுத்தேன். மிளகு ரசம் கொடுத்தேன். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு வாய் சாப்பிட்டு "நல்லா இருக்கு" என்பாள். கிண்ணம் அப்படியே திரும்பி வரும். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒரு கோளாறும் இல்லை. ஆனா இப்படியே போனா தாங்காது. எப்படியாவது சாப்பிட வைங்க" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அதையும் அவள் நல்லா இருக்கு என்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் கருப்பையா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"ஊருக்குப் போறேங்குறாக்கா."

"மருங்காபுரிக்கா?"

"இல்லக்கா, அவ ஊருக்கு. வந்தவங்க திரும்பப் போக முடியாதுக்கா. கப்பல் ஏத்துறப்பவே சொல்லித்தான் ஏத்துனாங்க. அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் கேக்குறா." தோள் துண்டை எடுத்து முறுக்கினார். "நான் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதுக்கா."

வாராவாரம் ஊருக்கெல்லாம் யோசனை எழுதுகிறவள்... ஒரு டம்ளர் மோரைத்தான் கொண்டுவந்து நீட்ட முடிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்த ஷ்வே நின்றாள். உள்ளே வந்தாள். கேட்காமல் கொள்ளாமல் என் கையிலிருந்து தண்டை வாங்கி, அரிவாள்மனையில் உட்கார்ந்து, மெல்லிய வட்டம் வட்டமாக அரிய ஆரம்பித்தாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் வருகிற நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். அந்த வேகத்தை நான் அவளிடம் அதுவரை பார்த்ததில்லை.

"மொய்ங்கா" என்றாள், என்னை நிமிர்ந்து பார்த்து.

வாழைத்தண்டுக்கு பர்மா பாஷையில் மொய்ங்கா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் "மொய்ங்கா, மொய்ங்கா" என்று தலையாட்டினேன். சாயங்காலம் கருப்பையாவிடம் பெருமையாகச் சொன்னேன், உங்க வீட்டுக்காரி பாஷையில ஒரு வார்த்தை கத்துக்கிட்டேன் என்று.

மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது தண்டு இல்லக்கா. சாப்பாடு. கெளுத்தி மீனை வேகவச்சு, முள்ளெடுத்து, வாழைத்தண்டு போட்டுச் சாறு வப்பாங்க. அதை அரிசிச் சேவையில ஊத்திச் சாப்பிடணும். இவங்கம்மா படகுத்துறையில அதைத்தான் வித்தாங்க. நான் மில்லுக்குப் போறப்ப தினம் அங்கதான் சாப்பிடுவேன். ரெண்டு கிண்ணம். ஒண்ணு பசிக்கு..."

"இன்னொண்ணு?"

வெட்கப்பட்டார். அப்புறம் முகம் மாறியது. "கப்பலுக்குக் கெளம்புற அன்னிக்கு அவங்கம்மா வழியனுப்ப வரல. வந்தா புள்ளைய விடமாட்டேன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கும் துறையில மொய்ங்காதான் வித்துக்கிட்டு இருந்தாங்க."

ஊரை விட்டு வருகிறவர்கள் பெட்டி படுக்கையை விட்டு வரலாம், பாஷையைக்கூட விட்டு வரலாம். நாக்கை எங்கே விட்டு வருவது? அது பாட்டுக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் போய் வந்துகொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மொய்ங்கா வைத்தே தீர்வது என்று முடிவு செய்தேன்.

முதல் பிரச்சினை சேவை. எங்கள் வீட்டு இடியாப்பக் குழல் தடிதடியாக விழும். மெல்லிசாகச் சேவை பிழிய வேண்டுமென்றால் ஸ்ரீரங்கத்துச் சேவை நாழிதான். உத்தர வீதியில் என்னோடு படித்த வேதவல்லி இருக்கிறாள். பஸ் ஏறிப் போய் நாழியைக் கேட்டேன். எதற்கு என்றாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. முழுக் கதையையும் சொன்னேன், மீன் உட்பட.

வேதவல்லி காதைப் பொத்திக்கொண்டாள். "பெருமாளே! எங்காத்து நாழியிலயா? சத்தியமாத் தரமாட்டேன்டி."

நான் எழுந்துவிட்டேன்.

"எங்க எழுந்துக்கறே? நாழியைத்தானே தரமாட்டேன்னேன்? ஞாயித்துக்கிழமை சேவையா பிழிஞ்சு தரேன். உங்காத்துக்காரரைப் பாத்திரத்தோட அனுப்பு. அது இந்த வாசப்படியைத் தாண்டினப்பறம் எங்க போறது, எதோட சேர்றதுன்னு எனக்குத் தெரியவே வேண்டாம்!" என்றவள், நான் வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பொண்ணு சாப்டாளான்னு மட்டும் வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் டிபன் கேரியரோடு ஸ்ரீரங்கம் போனார். நானும் கருப்பையாவும் ஷ்வேயும் மீனுக்காக முக்கொம்பு போனோம்.

பஸ்ஸை விட்டு இறங்கி மதகுப் பக்கம் நடந்தோம். காவேரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஷ்வே எங்களை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து, தண்ணீரை ஒட்டிய கல்லில் போய் உட்கார்ந்தாள். பாதத்தை நனைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு திரும்பிப் பார்க்காமலே ஏதோ சொன்னாள்.

"என்னங்கிறா?" என்றேன்.

கருப்பையா தமிழில் சொன்னார். "இந்த ஆத்துல அக்கரை தெரியுதேங்கிறா. அவ ஊரு ஐராவதியில தெரியாதுக்கா."

மீன்காரம்மா கூடையைத் திறந்ததும் ஷ்வே வேறு ஆளாகிவிட்டாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "வேணாம்" என்றாள். இன்னொன்றைக் காட்டினால் அதுவும் வேணாம். அடியில் கிடந்த கெளுத்திகளைத் தானே பொறுக்கி எடுத்தாள். "யாரு இந்தப் பொண்ணு? என்கிட்டயே மொறைக்குது!" என்று மீன்காரம்மா சிரித்தார். ஷ்வே சிரிக்கவில்லை. வேலையில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் சமையல்கட்டை எடுத்துக்கொண்டாள். மஞ்சளும் இஞ்சியும் போட்டு மீனை வேகவைத்து உதிர்த்தாள். ஏதோ வாசனைப் புல் வேண்டுமாம். அது இல்லாததால் எலுமிச்சை இலையைக் கிள்ளிப் போட்டேன். மீன் விழுதுக்குப் பதில் கருவாட்டைச் சுட்டுப் பொடித்தோம். சாறு கெட்டிப்பட வறுத்த கடலை மாவு. மேலே தூவ ஏதோ மொறுமொறுப்பாக வேண்டும் என்று கையால் காட்டினாள். டீக்கடை மசால் வடையை வாங்கிவரச் சொல்லி உதிர்த்துவிட்டேன். வேதவல்லியின் சேவை மல்லிகைப்பூ மாதிரி வந்திருந்தது.

எல்லோருக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுத் தானும் எடுத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வாய் விழுங்கினாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இல்லை" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் எப்போது கற்றுக்கொண்டாள்? கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பர்மா பாஷையில் விடாமல் பேசினாள். கருப்பையா தலையைக் குனிந்தபடி, "அம்மா பண்றது மாதிரி இல்லைங்கிறா" என்றார்.

இவ்வளவு பாடுபட்டு, ஆறாமல் இருந்த புண்ணைக் கீறிவிட்டுவிட்டோமோ?

ஷ்வே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எலுமிச்சம்பழத்தை இன்னும் கொஞ்சம் பிழிந்தாள். ஒரு வாய். "இல்லை." கருவாட்டுப் பொடி. ஒரு வாய். "இல்லை." பூண்டை வறுத்துக் கொட்டினாள். இன்னொரு வாய். உதட்டைப் பிதுக்கினாள். சாறு போதவில்லை என்று ஊற்றிக்கொண்டாள், சேவை போதவில்லை என்று போட்டுக்கொண்டாள்...

என் வீட்டுக்காரர்தான் முதலில் கவனித்தார். என் காதருகே, "கிண்ணத்தைப் பாரு" என்றார்.

காலி. ஒவ்வொரு வாய்க்கும் குறை சொல்லியே முழுக் கிண்ணத்தையும் முடித்திருந்தாள்!

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மொய்ங்கா. வாராவாரம் ஏதாவது மாற்றுவாள். வாராவாரம் "இல்லை" என்பாள். நடுநாட்களில் என் ரசத்தையும் குழம்பையும்கூடக் குறை சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தாள். 'நல்லா இருக்கு' என்பதை விட்டே விட்டாள். வளையல் மணிக்கட்டில் நின்றது. வேதவல்லியிடம் போய்ச் சொன்னபோது, "குறை சொல்றாளா? அப்போ பிழைச்சுண்டாள்" என்றாள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேட் ஓரம் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். மூக்கை உறிஞ்சினார். கண் கலங்கியிருந்தது. "அம்மா... இந்த வீட்டுல மொய்ங்கா வைக்கிறீங்களா?" அவரும் பர்மாவிலிருந்து வந்தவர், மௌல்மேன் ஊர்க்காரர். உட்காரவைத்துக் கொடுத்தோம். ஆவலாகச் சாப்பிட்டுவிட்டு, எங்க ஊர் மொய்ங்கா இப்படி இருக்காது என்று பர்மா பாஷையில் சொல்லியிருக்கிறார். ஷ்வே கரண்டியும் கையுமாகச் சண்டைக்குப் போய்விட்டாள்! அவர் பதிலுக்குக் கத்த, இவள் கத்த... ஒரு வார்த்தை புரியாமல் நாங்கள் வேடிக்கை பார்த்தோம். இத்தனை நாளில் கணவனைத் தவிர ஒரு ஆளோடு அவள் தன் பாஷையில் பேசியது அன்றைக்குத்தான். அவள் முகம் அப்படிச் சிவந்து ஜொலித்ததை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் அவர் தம் குடும்பத்தைக் கூட்டிவந்தார். அவர்கள் இன்னொரு குடும்பத்தைக் கூட்டிவந்தார்கள். இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் எங்கள் பின்பக்கத்தில் ஒரு சின்ன பர்மாவே கூடிச் சத்தம் போடுகிறது.

போன வாரம், கூட்டம் கலைந்த பிறகு ஷ்வேயும் நானும் மட்டும் இருந்தோம். தமிழ் இப்போது நன்றாகவே பேசுகிறாள். கேட்டேன்:

"இன்னிக்கு வந்ததே, அது அம்மா பண்றது மாதிரி வந்துடுச்சா ஷ்வே?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"வர வேணாம் அக்கா" என்றாள். "வந்துட்டா... அப்புறம் நான் எதைத் தேடுறது?"

நான் பானையில் மிச்சமிருந்த சாற்றைக் கரண்டியில் எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"உப்பு கொஞ்சம் கம்மிதான்" என்றேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.