கபியாவுக்கு ஒரு சிட்டிகை உப்பு

போன தை மாதம் ஒரு ஞாயிறு. ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் செல்வி, படப்பையில் வீடு கட்டிப் பால் காய்ச்சும் விசேஷத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். புது இயந்திரம் நிறுவ லிதுவேனியாவிலிருந்து வந்திருந்த ரூதாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள், பாவம். கடைசியில் அவளே வேடிக்கையாகிப் போனாள்.

தாம்பரத்தில் காலை 5.40க்குப் பேருந்து. படப்பை 14 கிலோமீட்டர், 6.20க்கு இறங்கினோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய்.

"பிளாட்டெல்லாம் ஒரே மாரி கீதுக்கா. அடையாளம் சொல்லு" என்றார் ஓட்டுநர். வாழைமரம் கட்டிய வீடு என்றேன். முகூர்த்த நாள் என்பதை மறந்துவிட்டேன். நான்கு வீட்டில் வாழைமரம்! மூன்றில் ஏறி இறங்கி, செல்வி வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழு.

நல்ல நேரம் ஏழரை வரைதான். பால் காய்ச்ச வேண்டியவர் நாத்தனார் மங்கை. மனை வாங்கியதிலிருந்து செல்வியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, வந்ததே பெரிது. சமையலறையில் மூன்று செங்கல் அடுக்கிய அடுப்பில், பனியில் நனைந்த விறகு புகைந்துகொண்டே இருந்தது. 7.15க்கு ஒருவழியாகப் பற்றியதும், ரூதா மஞ்சளும் உப்பும் வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தீயில் போட்டாள். படபடவென்று வெடித்தது.

மங்கை எழுந்து என்னிடம் பாய்ந்தார். "இன்னாம்மா இது? என் கண்ணு பட்டுடும்னு உப்பு போட வுட்டீங்களா? நான் கெளம்பறேன்."

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. ரூதாவிடம் ஆங்கிலத்தில் கேட்டு, அவள் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். அவர்கள் ஊர்ப் பழங்கதைகளில் அடுப்பு நெருப்பு ஒரு பெண், பெயர் கபியா. அவளுக்கு உப்புதான் சாப்பாடு. தீ பற்றியதும் முதலில் அவளுக்கு ஊட்டிவிட வேண்டும்.

மங்கை யோசித்தார். "அப்போ பசிக்குத்தானா? கண்ணுக்கு இல்லியே?"

"சத்தியமா இல்லக்கா" என்றேன்.

"அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" உட்கார்ந்து, தானும் ஒரு கை உப்பு போட்டார். 7.26க்குப் பால் பொங்கியது. "அடியே செல்வி, பொங்கிடுச்சு பாருடி!" என்று அவர் கத்திய கத்தலில் செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

பிறகு நெருப்பில் தண்ணீர் ஊற்றப் போனவர்களை ரூதா தடுத்தாள். தணலைச் சாம்பலால் மூடி, பக்கத்தில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் வைத்தாள். கபியா தூங்கி எழுந்தால் முகம் கழுவ வேண்டுமாம்.

வெளிநாட்டு நண்பரோடு இப்படிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முந்தின பேருந்தைப் பிடியுங்கள், ஆட்டோக்காரரிடம் மனை எண்ணைச் சொல்லுங்கள், உப்பைப் போடுவதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

சாயங்காலமே ஊருக்குப் போவதாக இருந்த மங்கை அன்றிரவு தங்கிவிட்டார். மறுநாள் காலை செல்வியின் போனிலிருந்து அவர்தான் கூப்பிட்டார்.

"சாம்பலைக் கிளறினேம்மா, நெருப்பு அப்டியே கீது. அதுலதான் காபி போட்டு நானும் செல்வியும் குடிச்சிகினு கீறோம். அந்த வெள்ளக்காரப் பொண்ணு கைல சொல்லு, டம்ளர்ல தண்ணி கொறஞ்சிருக்கு. அவ மூஞ்சி கழுவிட்டா!"