காட்டுஞாலியைக் கண்டவர்கள்

கரமனை அக்கிரகாரத்துச் சேஷனோடு பொன்முடி மலை ஏறினால் வாயைத் திறக்கக் கூடாது. விரலை நீட்டக் கூடாது. பறவை இருக்கும் கிளையை மோவாயால்தான் காட்ட வேண்டும். வெள்ளை வேட்டி அறவே கூடாது. இந்தக் கடைசி விதி தெரியாமல் முதல் தடவை நான் சலவை வேட்டியில் போய், பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே திருப்பி அனுப்பப்பட்டேன். பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ள டிராயிங் மாஸ்டரை ஒரு நகல் குமாஸ்தா வீட்டுக்குப் போய்த் துணி மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்! இரண்டு நாள் எனக்குக் கோபம் ஆறவில்லை. மூன்றாம் நாள் ஒரு பழைய வேட்டியை எடுத்துச் சாயம் தோய்க்கக் கொடுத்துவிட்டேன்.

சேஷன் காட்டிலாகா ஆபீசில் நகல் எழுதுகிறவர். ஒல்லியான உடம்பு, கொஞ்சம் பெரிய காதுகள், அதிராத நடை. முன்னோர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோயில் மடைப்பள்ளி வேலைக்கு வந்தவர்கள். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதிகாரிகள் காட்டில் முகாம் போட்டபோது ரிக்கார்டுப் பெட்டியோடு கூடப் போனார். போனவர் பெட்டியைக் கூடாரத்தில் வைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அதோடு சரி, பைத்தியம் பிடித்துவிட்டது. பிறகு விடுமுறை வந்தால் போதும், பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கல்லாறு வழியாக மலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். ஒரு தடவைக்கு மூன்று பேர்தான். நாலாவது ஆள் திவான் வீட்டுக்காரராக இருந்தாலும் அடுத்த மாதம்தான்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் மூன்று பத்திகள்: பறவை, இடம், கண்டவர். கண்ணால் கண்டவர் பெயர் மட்டும்தான் மூன்றாவது பத்தியில் ஏறும். குரலைக் கேட்டேன், நிழலைப் பார்த்தேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. சாயங்காலம் கல்லாற்றுக்கு இறங்கியதும் நோட்டு கைமாறும். எல்லாரும் படித்துப் பார்த்து அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர், தாமும் மலை இருவாட்சியைப் பார்த்ததாகச் சாதித்தார். பார்த்த நேரத்தில் அவர் கால் அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் என்று சேஷன் அடக்கமாகச் சொல்லி, பெயரை எழுத மறுத்துவிட்டார். பதினாலு வருஷமாக அந்த நோட்டில் ஒரு பொய் கிடையாது.

இனி விஜயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஜயம் சேஷனின் மனைவி. குழந்தைகள் இல்லை. மலையிலிருந்து திரும்பிய மறுநாள் நான் படம் வரைந்து காட்டப் போவேன். சேஷன் ஒவ்வொரு பறவையாகக் குரல் கொடுத்துக் காட்ட, அந்த அம்மாள் அடுக்களையிலிருந்தே அதைத் திருப்பிக் கொடுப்பாள். சமயத்தில் அவள் குரல்தான் அசலாக இருக்கும். மிகவும் பிடித்தது காட்டுஞாலி. நம் தென்னந்தோப்புகளில் திரிகிற ஓலேஞ்ஞாலிக்கு அது மலை உறவு. வெள்ளைத் தலை, கறுத்த முகம், முழ நீளத்துக்கு வால். சாஸ்திரப்படி அது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சேஷன் சொன்னபோது விஜயம் நம்பவே இல்லை. இத்தனை அழகான காக்கையை ஒரு தரம் நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்றாள். என் முன்னாலேயே ஒரு நாள் கேட்டாள்.

"ஊரார் எல்லாருக்கும் காட்டறேளே. என்னையும் ஒரு தரம் அழைச்சிண்டு போகப்படாதா?"

சேஷன் சிரித்துக்கொண்டே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அட்டை கடிக்கும், பெண்பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போவது வழக்கமில்லை, தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவரிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்த அடுத்த வருஷம் பதினாலு வருஷமாக வந்து வந்து போயிற்று. கொல்லம் ஆண்டு 1111 மேட மாதம், அதாவது சித்திரையில், விஷக்காய்ச்சலில் ஐந்தே நாளில் விஜயம் போய்விட்டாள்.

பத்தாம் நாள் கரமனை ஆற்றங்கரைக்கு நானும் போய்த் தள்ளி நின்றேன். பிண்டம் வைத்தார்கள். காக்கைகள் தென்னை மட்டையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தனவே தவிர, ஒன்றும் இறங்கவில்லை. போனவளுக்கு ஏதோ மனக்குறை என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டினார்கள். உன் சங்கிலியை உன் தங்கை பெண்ணுக்கே போடுகிறோம் என்றார் ஒருவர். உன் துளசி மாடத்துக்கு விளக்கு தவறாது என்றாள் ஒருத்தி. ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. அந்தக் குடும்பத்தில் அவளுடைய குறை என்ன என்று தெரிந்த ஒரே மனிதர் ஈர வேட்டியோடு தென்னை மட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பிண்டத்தை ஆற்றிலேயே கரைத்தார்கள்.

அதற்கப்புறம் தினமும் சாப்பிடுமுன் கொல்லைச் சுவரில் சேஷன் ஒரு பிடி சோறு வைப்பார். காக்கைகள் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகுமாம், இவர் சுவருக்கு வராதாம். பக்கத்து வீட்டில் வடை விழும்போது வெறும் சோற்றுக்கு எந்தக் காக்கை வரும் என்று கேட்டேன். நான் கிறிஸ்தவன், வேதக்கோயிலுக்குப் போகிறவன். எனக்கு இதில் நம்பிக்கையும் இல்லை, சும்மா இருக்கிற வாயும் இல்லை. சேஷன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. மலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். மனுஷன் மெதுவாகத் தன்னைத்தானே தீர்த்துக்கொள்கிறார் என்று தோன்றியது.

அடுத்த தனு மாதத்தில், கிறிஸ்துமஸ் லீவில், நான்தான் அவரை நச்சரித்துக் கிளப்பினேன். துக்க வருஷத்தில் மலை ஏறலாமா என்று தெருவில் கேட்டார்களாம். கூட வருகிறவர்களில் ஒருவர் பகவதிப்பெருமாள் பிள்ளை, சாலைக் கடைத்தெருவில் புகையிலை வியாபாரம். காட்டுஞாலிக்காகவே மூன்று தடவை மலை ஏறி ஏமாந்தவர். எதிர்க்கடை கோலப்பன் முதல் தடவையிலேயே அதைப் பார்த்துவிட்டதால் இவருக்குத் தூக்கம் கெட்டுப்போயிற்று. இன்னொருவர் என் மனைவியின் அக்காள் ரத்னாபாய், ஆஸ்பத்திரி நர்ஸ். பெண்பிள்ளை என்று தட்டிக் கழிப்பார் என நினைத்துத் தயங்கித்தான் கேட்டேன். சேஷன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, வரட்டும் என்றார். யாரை நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா என்ன.

கல்லாற்றிலிருந்து விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தோம். பனிமூட்டம் ஆற்றின் மேலிருந்து எழுந்து மரங்களுக்குள் புகுந்துகொண்டிருந்தது. முன்னால் போகிறவரின் முதுகு தெரியும். அதற்கு முன்னால் ஒன்றும் தெரியாது. உருளைக் கற்களுக்கு நடுவே எங்கிருந்தோ ஒருவன் சோம்பலாகச் சீட்டி அடித்தான். மனிதன் அல்ல, நீலக் குருவி. சேஷன் மோவாயை லேசாக உயர்த்தினார். பனி விலகியது, ஈரப் பாறை மேல் அது இருந்தது, மறுபடி பனி மூடியது. கண்டோமா, கனவு கண்டோமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேசத்தான் கூடாதே.

மேலே போகப் போகக் காடு மாறியது. மூங்கில் போய்ப் பெருமரங்கள் வந்தன. மரங்களில் பாசி, பாசியில் நீர், நீர் சொட்டுகிற சத்தம். தீக்காக்கை ஒன்று, பெயரில்தான் காக்கை, சிவந்த வயிற்றோடு, தூங்குகிறவன் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. உச்சிக்குப் பக்கத்தில் காடு சட்டென்று நின்று புல்வெளி ஆரம்பித்தது. அங்கே வெயில் இருந்தது. எங்கள் காலுக்குக் கீழே மேகம் போயிற்று. ரத்னாபாய் ஒரு கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுமனே சிரித்துக்கொண்டிருந்தாள். பகலும் ராத்திரியுமாகப் பிரசவ வார்டில் நிற்கிறவள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. சேஷனும் அவளைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காட்டுஞாலி மட்டும் அகப்படவில்லை. இரண்டு முறை அதன் குரல் கேட்டது. இரண்டு முறையும் அது கரிச்சான் செய்த குறும்பு. துடுப்பு வால் கரிச்சான் எல்லாப் பறவை மாதிரியும் கத்தும். பிள்ளைவாள் முகம் தொங்கிப்போயிற்று.

மத்தியானம் திரும்பும் வழியில் ஓடைக்கரையில் சாப்பிட உட்கார்ந்தோம். நாங்கள் மூவரும் ரொட்டியையும் அவித்த முட்டையையும் பிரித்தோம். சேஷன் வழக்கம்போல் தம் கட்டுச்சோற்றோடு நாற்பது அடி தள்ளி, வளைவுக்கு அப்பால் ஒரு பாறைக்குப் போனார். மறுபடி பனி இறங்கியது. தண்ணீர் மொள்ளப் போன நான் வளைவில் அவரைப் பார்த்தேன். இலையைப் பிரித்தார். தனியாகக் கட்டி வந்த ஒரு பிடி வெறும் சோற்றை எதிர்ப்பாறையில் வைத்தார். அந்த அடர்ந்த காட்டில் ஊர்க்காக்கை ஏது? பழக்கம், வைத்தார். வைத்துவிட்டு, சாப்பிடாமல், வெறும் பனியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பாவம், இங்கேயுமா என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் இரண்டு கரிச்சான்கள் வந்து மேல்கிளையில் உட்கார்ந்தன. அவற்றின் பின்னால் பனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தலை வெளிப்பட்டது. பிறகு கறுத்த முகம், பழுப்பு முதுகு, அப்புறம் வந்துகொண்டே இருக்கிற வால். காட்டுஞாலி கிளை கிளையாக இறங்கியது. தலையைச் சாய்த்துச் சேஷனைப் பார்த்தது. பாறையில் குதித்து, சோற்றில் ஒரு வாய் எடுத்தது.

மறைவில் இருக்கிறவர்களைக் கூப்பிடச் சேஷன் நாக்கை இரண்டு தடவை சொடுக்குவார். ஓடைச் சத்தத்திலும் அது கேட்கும். அவருடைய வாய் திறந்ததை நான் பார்த்தேன். நாற்பது அடியில் பகவதிப்பெருமாள் பிள்ளை முட்டை தின்றுகொண்டிருந்தார், நாலாம் தடவை மலை ஏறி வந்தவர். வாய் அப்படியே மூடிக்கொண்டது. சேஷன் தம் இலையிலிருந்து தயிர்சாதத்தை அள்ளி, பாறையை நோக்கி நகர்த்தி வைத்தார். அது பறக்கவில்லை. அதையும் தின்றது. அவர் ஏதோ சொன்னார்; ஓடைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன். பனி விலகியபோது பாறையில் ஒரு பருக்கைகூட இல்லை. அப்புறம் சேஷன் மிச்சம் இருந்ததை இலை வழித்துச் சாப்பிட்டார். எட்டு மாதத்தில் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் கல்லாற்றில் ஒரு சாயாக் கடையில் உட்கார்ந்தோம். சேஷன் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி முடித்து, நோட்டை நீட்டினார். பிள்ளைவாள் முதலில் வாங்கிப் படித்தார். படித்தவர் முகம் சிவந்தது. முப்பத்தெட்டாவது வரியில் காட்டுஞாலி இருந்தது; அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

"என்ன சாமி இது? நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் தந்திருந்தா நான் ஓடி வந்திருப்பேனே. பதினாலு வருஷமா யாருக்காவது நீங்க மறைச்சதுண்டா?"

சேஷன், மறைத்தது தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டார். இந்தச் சங்கதி கடைத்தெருவுக்குப் போனால் இனி இவரை நம்பி யார் மலை ஏறுவார்கள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. நான் வாயைத் திறக்கப் போன சமயத்தில் ரத்னாபாய் நோட்டை வாங்கிப் பார்த்தாள். கண்டவர் பத்தியில் இரண்டு பெயர்கள் இருந்தன. என் பெயர் இல்லை. நான் வளைவில் நின்றதை அவர் கவனிக்கவில்லை போலும். நானும் அதைச் சொல்லப் போவதில்லை.

"சேஷன், சரி. இந்த விஜயம் யாரு? நம்ம கூட்டத்துல அப்படி யாரும் இல்லையே" என்று அவள் கேட்டாள்.

சேஷன் சாயா டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் ஆம்படையாள். இன்னிக்குத்தான் மொதல் தடவையா மலைக்கு வந்தா."

மேட மாதத்தில் விஜயம் போனது பிள்ளைவாளுக்குத் தெரியும்; துக்கம் கேட்கக் கரமனைக்கு வந்து போனவர்தான். அவர் ரத்னாபாயின் கையிலிருந்து நோட்டைத் திரும்ப வாங்கி, முப்பத்தெட்டாவது வரியை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தார். பிறகு சேஷனிடம் பென்சிலைக் கேட்டு வாங்கி, அடியில் கையெழுத்துப் போட்டார்.