தெரியுதுல்ல?

"தெரியுதா?" என்று ஒருவர் கேட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். "தெரியுதுல்ல?" என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது? பதிலையும் அவரே வைத்துக்கொண்டு நம்மிடம் தலையாட்டலை மட்டும் கேட்கிற கேள்வி அது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த "ல்ல" மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் இந்த ஜென்மத்தில் தீராது.

நான் பயணிகள் விமானத்தில் துணை விமானி. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இருப்பது காட்டுப்பாக்கத்தில், ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில். அன்றைக்கு என்னோடு வந்த கேப்டன் ஐயப்பன்தாங்கல்காரர். அவர் வீட்டார் நெல் போட்ட நிலத்தில்தான் இன்றைக்குப் பாதி அடுக்குமாடிகள் நிற்கின்றன. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. கோவையில் கிளம்பும்போதே சென்னையில் மழை என்று தெரியும். இறங்க முடியுமா என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"நம்ம ஊரு மேலதானம்மா வரப் போறோம். கண்ணக் கட்டிகினு கூட எறக்குவேன்."

நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பெரிய ஓடுபாதையில் ஏதோ வேலை நடந்ததால் சின்னதைக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பூந்தமல்லி, காட்டுப்பாக்கம் தலைக்கு மேலேதான் வர வேண்டும். கருவிகள் ஓரளவுக்குக் கூட்டிவரும். மிச்சத்தைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். குறித்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை தெரியவில்லையென்றால் பேச்சே கிடையாது, கோ அரவுண்ட் என்று சொல்லி மேலேறிவிட வேண்டும். விமானத்தை அவர் ஓட்டினார். வெளியே பார்த்துச் சொல்வது என் வேலை. கேட்கவும் சொல்லவும் ஆங்கிலத்தில் இன்ன வார்த்தைதான் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். அவருக்கு அதெல்லாம் ஒத்துவராது.

மாலை ஆறு மணி இருக்கும். வைப்பர் அடிக்க அடிக்கக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. மேகம் ஓரிடத்தில் கிழிந்து, கீழே வெள்ளை விளக்குகள் ஒரே கோடாய் வந்தன.

"தெரியுதுல்ல?" என்றார்.

"தெரியுது சார்" என்றேன்.

எனக்கு விளக்குகள்தான் தெரிந்தன. ஓடுபாதை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, நமக்கும் இதோ தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பெரியவர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. எத்தனை பரீட்சை எழுதித் தேறியவள் நான். வெட்கமாக இருக்கிறது.

அவர் தானியங்கியை விடுவித்து, விளக்குகளுக்கு நேராக மூக்கைத் திருப்பி இறக்கினார். சில நொடிகள் கழித்து அந்த வெள்ளைக்குப் பக்கத்திலேயே சிவப்பாக ஒரு வரிசை, ஊர்ந்துகொண்டு. ஓடுபாதையில் பிரேக் லைட் எரியாது. தினமும் அந்த நெரிசலில் முக்கால் மணி நேரம் உட்காருகிறவளுக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பூந்தமல்லி ரோடு. வெள்ளையாய்த் தெரிந்தவை மெட்ரோ தூண் வேலைக்குக் கட்டியிருந்த விளக்குகள். ரோடும் ஏறக்குறைய ஓடுபாதை போகிற திசையிலேயே போகிறது. அதில் கிரேன் வேறு நிற்கும்.

"கோ அரவுண்ட்" என்று கத்தினேன். "சார், அது ரோடு."

அவர் முழு விசை கொடுத்து மேலேற்றினார். அரை மணி நேரம் சுற்றி, மழை விட்டதும் அதே பாதையில் இறங்கினோம். கதவருகே நின்றிருந்த என்னிடம் ஒரு பயணி, "மத்த ஃபிளைட்டெல்லாம் எறங்கிடுச்சே, உங்களுக்கு மட்டும் என்னங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. கேப்டன் பையைத் தூக்கிக்கொண்டு, "மழைக்காகத் திரும்பி ஏறினோம்னு போட்டா போதும்மா" என்றார்.

போதுமாம். வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூடச் செய்யாமல் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். வகுத்து வைத்த வார்த்தையை அவர் சொல்லாதது, ஊர்ப் பெருமை, அவசரம், அந்த "ல்ல" எல்லாவற்றையும் எழுதினேன். நான் "தெரியுது" என்றதும் அதில் இருந்தது, நடுவில் எங்கோ, அரை வரியாக. அனுப்பினால் அவரைக் கொஞ்ச நாளாவது பறக்க விடாமல் உட்கார வைத்துவிடுவார்கள். வைக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

காலையில் அனுப்பப் போகும்போது அவரே போன் செய்தார்.

"எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன் சார். நீங்க ரோட்ட ஓடுபாதைன்னு நெனச்சு எறக்குனீங்கன்னு எழுதியிருக்கேன்."

"நா எங்கம்மா நெனச்சேன்? மழைல எனுக்கு ஒன்னியும் தெர்ல. வெறும் லைட்டுதான். அதனாலதான் உன்னாண்ட கேட்டேன். நீ தெரியுதுன்ன. சின்னப் பொண்ணு, கண்ணு நல்லா கீதுன்னு நம்பி எறக்கினு வந்தேன்."

போனை வைத்தேன். அவர்மேல் இருந்த கோபம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. அதே அளவு என் பக்கமும் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். பின்னால் அத்தனை பேர் பெல்ட் போட்டுக்கொண்டு, முன்னால் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவர்கூட ஓடுபாதையைப் பார்க்கவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, இரண்டு பேருமே ஓடுபாதையைப் பார்க்கவில்லை என்பதை முதல் வரியாக எழுதினேன்.