பன்னிரண்டு அக்குள்கள்

கம்பெனியில் அவளுக்கு மெழுகக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக மெழுகை உருக்கி, எண்ணெய் சேர்த்து, அச்சில் ஊற்றிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வரும். வீட்டில் இன்னொரு பட்டப்பெயர் உண்டு. அதை வைத்தவள் நாத்தனார்: திகில். பொருத்தமான பெயர்தான், அதில் சந்தேகமே இல்லை. காலையில் வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பாள். கேஸ் அடுப்பின் குமிழுக்கும் இதே மரியாதை. ஒரு முறை பூட்டே பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு நிம்மதியாக இருந்தாளா என்றால் அதுவும் இல்லை, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் காவல் உட்கார்ந்திருந்தாள்.

சும்மாவே இப்படி இருக்கிறவளுக்கு நிஜமாகவே ஒரு கவலை வந்து சேர்ந்தது.

அவள் செய்துகொண்டிருந்தது அக்குளில் தடவுகிற ஸ்டிக். வாசனைக்கு அல்ல, வியர்வையையே அடக்குவதற்கு. அடக்குகிற வேலையைச் செய்வது ஒரு உப்புப் பொடி. அந்தப் பொடியைப் பிடித்து நிறுத்த மெழுகு வேண்டும், தோலில் வழுக்கிக்கொண்டு போக எண்ணெய் வேண்டும். எண்ணெய் கூடினால் பிசுக்கு. குறைந்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை வெள்ளையாய் நிற்கும். வாங்கினவர்கள் எழுதின புகார்களில் முக்கால்வாசி பிசுக்கைப் பற்றியதுதான். ஒரு மகானுபாவர், அக்குளில் வெண்ணெய் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மெழுகக்கா மேஜை இழுப்பறையில் மடித்து வைத்திருந்தாள். தினம் ஒரு முறை எடுத்துப் படித்துவிட்டு மறுபடி மடித்து வைப்பாள்.

மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இந்தத் தடவையும் பிசுக்குன்னு வந்தா, ஸ்டிக்கை வெளியே செஞ்சு வாங்கிக்கலாம்னு மேலே முடிவு பண்ணிட்டாங்கம்மா. அப்புறம் லேப் எதுக்கு. உங்களை லேபிள் பிரிவுக்கு மாத்திடுவோம். சம்பளம் குறையாது."

சம்பளம் குறையாது என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் சுருக்கென்றது. டப்பாவில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மீதி வேலைக்காலத்தை ஓட்டுவதற்கா இத்தனை வருஷம் இந்த மெழுகோடு மல்லுக்கட்டினாள்? உலகத்தில் அவள் தைரியமாக இருந்த ஒரே இடம் அந்த லேப். கொதிக்கிற பாத்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அவள் கை நடுங்காது.

இரண்டு வருஷமாக எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனமான எண்ணெயை எடுத்துவிட்டு லேசானதைப் போட்டாள். பாதி எண்ணெய்க்குப் பதில், தடவினதும் ஆவியாகிவிடுகிற சிலிகானைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் முழங்கைக்குக் கீழே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, ஏசி போட்ட லேபில் உட்கார்ந்து, ஒரு இழுப்பு தடவி, விரலால் தொட்டுப் பார்ப்பாள். முப்பத்தேழாவது கலவை தொட்டால் தெரியவேயில்லை. பட்டுத்துணி மாதிரி இருந்தது.

முறைப்படி சோதனை வைத்தார்கள். கம்பெனி ஆட்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு புது ஸ்டிக், புது நீலச் சட்டை. ஸ்டிக் அவரவர் வேலை பார்க்கிற இடத்து அலமாரியிலேயே இருக்கும்; காலையில் வந்ததும் பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. சாயங்காலம் பிசுக்குக்குப் பத்துக்கு எத்தனை என்று காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு வாரம். பத்துப் பேராவது இரண்டோ அதற்குக் கீழோ போட்டால் ஸ்டிக் பாஸ், லேபும் பிழைக்கும்.

வெள்ளிக்கிழமை காகிதங்களைக் கூட்டிப் பார்த்தாள். எல்லாம் பூஜ்யமும் ஒன்றும். பன்னிரண்டு பேரும் பாஸ்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்குக் கொண்டாடியிருப்பார்கள். மெழுகக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காரணம், ஐந்தாவது காகிதம். அது நாத்தனாருடையது. பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். கல்யாணத்தன்றைக்கே அண்ணியின் ஜடை கோணல் என்று சபையில் சொன்னவள். தண்ணீர் கொடுத்தால்கூட அதில் ஒரு குறை கண்டுபிடிக்கிறவள். அவள் இரண்டு வாரமும் பூஜ்யம் போட்டிருந்தாள். நாத்தனாருக்கே குறை தெரியவில்லை என்றால் எங்கேயோ பெரிதாக உதைக்கிறது என்று மெழுகக்காவுக்குத் தோன்றிவிட்டது.

சனிக்கிழமை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டாள். "நிஜமாவே பிசுக்கு இல்லையா?" "இல்லக்கா." "கொஞ்சம்கூட?" "சத்தியமா இல்லக்கா." டிரைவர் இன்னும் ஒரு படி மேலே போய், தடவினதையே மறந்துவிடுவதாகச் சொன்னார். கேட்கக் கேட்க அவளுக்குப் பயம்தான் அதிகமாயிற்று.

அவள் கணவர் இரண்டு தெரு தள்ளி லாண்டரி வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். மனைவியிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். கம்பெனிச் சட்டைகள் வாராவாரம் அவர் கடைக்குத்தான் வெளுக்கப் போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போனபோது அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீலச் சட்டைகள் குவிந்திருந்தன. காலர் துணியில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தாள். சோதனைக்குக் கொடுத்த அதே சட்டைகள். அவள் ஒன்றும் கேட்காமல் நாத்தனாரின் சட்டையை எடுத்து, கையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

அக்குளில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வெளுத்தும் போகவில்லை, இஸ்திரிச் சூட்டில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அடுத்த சட்டையை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். பன்னிரண்டில் ஒன்பது சட்டையில் கறை இருந்தது.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"ரெண்டு வாரமா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சொன்னா நீ சாப்பிட மாட்டே."

"சொல்லாம இருந்தீங்களே, அப்ப மட்டும் சாப்பிட்டேனா?"

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கேரியரை அப்படியே வைத்துவிட்டு, சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போய் அவள் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

நாத்தனார் கொஞ்சம்கூட அசரவில்லை. "உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு யாரால அண்ணி ஏழு போட முடியும்? சாயங்காலம் ஆனா கதவுகிட்ட வந்து நிக்கறீங்க. காகிதத்தை வாங்கறப்ப கை வெடவெடன்னு நடுங்குது. டிரைவர்தான் முதல்ல சொன்னாரு, பாவம் மெழுகக்கா, லேபை மூடிட்டா தாங்க மாட்டாங்க, எல்லாரும் பூஜ்யம் போட்டுடலாம்னு. நானே ஒத்துக்கிட்டேன்னா பாத்துக்கோங்க."

"பிசுக்கு எவ்வளவு இருந்துச்சு? உள்ளதைச் சொல்லு."

"எட்டு போடலாம். மத்தியானத்துக்கு மேல ஒன்பது."

எட்டு, ஒன்பது. அன்றைக்கு ராத்திரி அவள் எப்படித் தூங்கினாள் என்று கேட்காதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கவலைப்படுகிறவர்கள் விட்டுத் தொலைக்க மாட்டார்கள், அதுவே அவர்களுடைய பலம். ஒன்பது சட்டையில் கறை, சரி. மூன்றில் ஏன் இல்லை? அந்த மூவர் யார்? ஒருவர் கணக்கர், ஒருத்தி டைப்பிஸ்ட், ஒருவர் கம்ப்யூட்டர் அறைக்காரர். மூன்று பேருமே ஏசியில் உட்கார்ந்திருப்பவர்கள். திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பன்னிரண்டு ஸ்டிக்கையும் திரும்ப வாங்கித் தராசில் வைத்தாள். அந்த மூவரின் ஸ்டிக் கால்வாசிகூடக் குறையவில்லை. மற்ற ஒன்பதும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கொதிகலன் ஓடுகிற கூடத்தில், அந்த ஒன்பது பேருடைய சூடேறின இரும்பு அலமாரிக்குள் கிடக்கும் ஸ்டிக் இளகிவிடுகிறது. அதே இரண்டு இழுப்புதான், ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் தோலில் அப்புகிறது. எண்ணெய்மேல் குற்றமே இல்லை. குற்றம், ஒரு இழுப்புக்கு எவ்வளவு வருகிறது என்பதில். இரண்டு வருஷம் எண்ணெயை மாற்றினாளே தவிர, ஸ்டிக் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று பார்க்கவேயில்லை. குளிர்ந்த அறையில், ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கையில் தடவிப் பார்த்தால் எதுதான் பட்டு மாதிரி இருக்காது. தலையில் அடித்துக்கொண்டாள்.

சட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் காகிதங்களை முன்னால் வைத்துப் பேனாவையே திறந்துவிட்டிருந்தார்.

"பன்னிரண்டும் பாஸ். இதோ கையெழுத்துப் போட்டுடறேன்."

"போடாதீங்க சார்," என்று சட்டைகளை மேஜைமேல் பரப்பினாள்.

அவர் ஒவ்வொரு அக்குளாகப் பார்த்தார். பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. "உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்கம்மா," என்றார்.

"தெரியும் சார். இதை விட்டா கடைக்குப் போய் நாறும். எனக்கு ஒரு தடவை குடுங்க."

"நாலு வாரம். அதுக்கு மேல என்னால பேச முடியாது. இந்தத் தடவை காகிதம் வேண்டாம், சட்டையே வரட்டும். பத்து சட்டையாவது சுத்தமா இருக்கணும்."

ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கி அலமாரியில் பூட்டினாள். ஆமணக்கு மெழுகைக் கொஞ்சம் கூட்டினாள், சிலிகானைக் கொஞ்சம் குறைத்தாள். முதலில் ஊற்றின ஸ்டிக் விறைத்துப்போய் நடுவில் வெடித்தது. இரண்டாவது தடவை கெட்டியாகவே வந்தது, ஆனால் தோலைப் பிறாண்டியது. மூன்றாவதில், ஊற்றுவதற்கு முன்னால் கலவையை உறைகிற பதத்துக்குப் பக்கத்தில் ஆறவிட்டாள், மாவுப் பொடி துளி சேர்த்தாள். அதைக் கொதிகலன் பக்கத்தில் ஒரு மத்தியானம் முழுக்க வைத்து, வேர்த்து விறுவிறுத்த தன் கையிலேயே தடவிப் பார்த்தாள். ஒரு இழுப்புக்கு மெல்லிசாகத்தான் வந்தது.

மறுபடி பன்னிரண்டு பேர், பன்னிரண்டு புதுச் சட்டை. டிரைவர் தன் மகளின் பிரசவத்துக்காக லீவில் போய்விட்டதால் அவர் இடத்தில் ஆள் குறைந்தது. கடைசியில் மெழுகக்காவே ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டாள். அந்த இரண்டு வாரமும் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் கதவுப் பக்கம் போகாமல் லேபிலேயே உட்கார்ந்துகொள்வாள். அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கடைசி ஞாயிறு மத்தியானம் கேரியரோடு லாண்டரிக்குப் போனாள். வெளுத்துக் காய்ந்த சட்டைகள் தயாராக இருந்தன. அவள் அவருக்கு முதுகைக் காட்டி, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி நின்றாள்.

"ஒண்ணொண்ணா போட்டுட்டுச் சொல்லுங்க. உள்ளதைச் சொல்லுங்க. நான் சாப்பிடறதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்றது. "ஒண்ணு. இல்லை."

"ம்."

"ரெண்டு. இல்லை." பெட்டி மறுபடி புஸ்ஸென்றது. "மூணு. இல்லை."

ஒவ்வொரு இல்லைக்கும் அவளுக்கு நிம்மதி வர வேண்டும், வரவில்லை. இருபத்து நாலு வருஷமாக நல்லதை மட்டுமே சொல்லிப் பழகின வாய் அது. நாலு, ஐந்து, ஆறு. எல்லாம் இல்லை. ஏழும் இல்லை என்று வந்தபோது, இந்த மனுஷன் பொய்தான் சொல்கிறார் என்று முடிவே கட்டிவிட்டாள். லேபிள் பிரிவின் பசை வாடைகூட மூக்கில் ஏறிவிட்டது.

"எட்டு," என்றார். பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. "எட்டுல இருக்கு."

"எவ்வளவு?"

"நல்லாவே இருக்கு. ரெண்டு பக்கமும்."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டவளுக்கு, ரொம்ப நாளைக்குப் பிறகு, மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது. இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே. அவர் வாயிலிருந்து ஒரு கெட்டது வந்துவிட்டதே. அப்படியென்றால் முன்னால் சொன்ன ஏழும் உண்மை.

ஒன்பது இல்லை, பத்து இல்லை, பதினொன்று இல்லை, பன்னிரண்டு இல்லை. இப்போது அவள் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எட்டு யாரோடது?"

அவர் காலரைப் பார்த்தார், சட்டையை மடிக்கத் தொடங்கினார். அப்புறம் மடிப்பதை நிறுத்தினார்.

"உன்னோடது."

அவள் காலரை இழுத்துத் தன் பெயரைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை தடவினே?"

"ரெண்டு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு," என்றாள். "ஸ்டிக் என் பையிலேயேதான் இருந்துச்சு. குளிச்சிட்டு ரெண்டு. சரியாப் பட்டுதோ இல்லையோன்னு ரெண்டு. பூட்டை இழுத்துப் பார்க்க வர்றப்ப ரெண்டு."

அவர் சிரிக்கவில்லை. அந்தச் சட்டையை மற்ற பதினொன்றுக்கும் மேலே, கறை தெரிகிற மாதிரியே வைத்துக் கட்டினார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேரியரைத் திறந்தாள். அவருக்கென்று கொண்டுவந்த சாப்பாட்டில் முக்கால்வாசியை அவளே சாப்பிட்டு முடித்தாள்.